சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

(நம் சங்கத்தின் ஞாயிறு சந்திப்பில், கிளப் ஹவுஸில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக, கேள்வி பதில்களுடன் இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில், இவ்வளவு பேர் கீழே இறங்கி வந்திருக்கிறீர்கள். நன்றி. போன சந்திப்பில் மாடித் தோட்டம் பற்றிக் கேட்டீர்கள். கேட்ட கையோடு பல வீட்டு பால்கனிகளில் கீரை முளைத்துவிட்டது. இன்றைக்கு என் தலைப்பு அப்படிப்பட்டது இல்லை. இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையே யாரும் சவரக்கத்தியைக் கையில் எடுக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு எதற்காக இதைப் பேச வேண்டும்? மூன்று காரணங்கள். ஒன்று, உங்களில் சிலர் வீட்டு அலமாரியில் தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னாலும், தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுப்பதற்கு முன்னாலும், அது என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு, கூர் என்றால் என்ன என்று புரிந்துகொண்டால், நீங்கள் அடுப்படிக் கத்தியைப் பார்க்கிற பார்வையே மாறும். மூன்றாவது காரணம் நம் குடியிருப்பின் குப்பை சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு முக்கியமானது அதுதான்.

கத்தி எப்படி மழுங்குகிறது?

தாடி முடி மென்மையான பொருள். கத்தி எஃகு கடினமான பொருள். இரண்டும் மோதினால் எஃகு ஏன் தேய வேண்டும்? இந்தக் கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. பிளேடின் எஃகைவிட முடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே வைத்து முடியை வெட்டிப் பார்த்தபோது, பிளேடின் ஓரம் சீராகத் தேயவில்லை. சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்தது. முடி வளைந்துகொடுத்து பிளேடைச் சாய்வாகத் தாக்குகிற இடத்தில், எஃகின் உள்ளமைப்பும் ஒரே சீராக இல்லாவிட்டால், அங்கே ஒரு துணுக்கு உதிர்கிறது. ஒன்று உதிர்ந்தால் பக்கத்தில் அடுத்தது உதிர்வது எளிதாகிறது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். காய்ந்த தாடியில் எந்தப் பிளேடையும் ஓட்டாதீர்கள். வெந்நீரில் சில நிமிடம் ஊறிய முடி மென்மையாகிவிடும். நீங்கள் இரண்டு ரூபாய் பிளேடு போட்டாலும் சரி, ஐந்து அடுக்கு கார்ட்ரிட்ஜ் போட்டாலும் சரி, இது பொருந்தும். இரண்டாவது, மழுங்கிய கத்தி என்பது செத்த கத்தி இல்லை. ஓரத்தில் மைக்ரான் கணக்கில் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உதிர்ந்த இடத்துக்குப் பின்னால் நல்ல எஃகு இருக்கிறது. அதுவரைக்கும் ஓரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டால் மறுபடியும் கூர் வந்துவிடும். தீட்டுவது என்பது இதுதான்.

பிளேடுக்கும் மடக்குக் கத்திக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். பிளேடு தீட்டுவதற்காகச் செய்யப்படவில்லை. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் விற்பனையைத் தொடங்கியபோது முதல் வருடம் போனது 51 ரேசர், 168 பிளேடு. எடு, சவரம் செய், எறி என்ற யோசனை மக்களுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு உலகமே அதற்கு மாறியது. மடக்குக் கத்தி அதற்கு முந்தைய காலத்துப் பொருள். சரியாக வைத்துக்கொண்டால் ஒரு தலைமுறை தாண்டியும் வேலை செய்யும்.

எஃகின் கதையில் நம் ஊர்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், பிரான்ஸின் தியேர் ஆகிய ஊர்கள் சவரக்கத்திக்குப் பேர் போனவை. உங்கள் வீட்டுக் கத்தியின் அடிப்பகுதியில் இந்தப் பெயர்களில் ஒன்று பொறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்கிற கடிகாரக்காரர், எஃகை மண்குடுவையில் வைத்து முழுதாக உருக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சீரான எஃகு கிடைத்ததும் நல்ல சவரக்கத்தி செய்வது சாத்தியமானது.

ஆனால் குடுவையில் எஃகு செய்வது தென்னிந்தியாவுக்குப் பழைய வேலை. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நம் பக்கத்து எஃகை ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். லண்டனில் ஸ்டிராண்ட் தெருவில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்திக்காரர் இருந்தார். அறுவை சிகிச்சைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்தவர். இந்திய வூட்ஸ் எஃகில் செய்தவை என்று சொல்லியே விற்றார். அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்த இளைஞர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பெயர் எடுத்த அதே ஃபாரடே. 1820-லும் 1822-லும் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் கிடைத்த எஃகில் சவரக்கத்திகள் செய்து ஃபாரடே நண்பர்களுக்கு அனுப்பியும் இருக்கிறார். அடுத்த முறை லிஃப்டில் ஏறும்போது அந்த மோட்டாரையும் உங்கள் தாத்தாவின் கத்தியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும்

அடுப்படிக் கத்தியைத் தீட்டுவதில் பெரிய சிரமம் கோணம். ஒவ்வொரு இழுப்புக்கும் கை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். சவரக்கத்தியில் அந்தச் சிரமம் இல்லை. கத்தியைப் படுக்கவைத்துப் பாருங்கள். முதுகு தடிமனாக இருக்கும். வாய் மெல்லியதாக இருக்கும். நடுவில் இரண்டு பக்கமும் குழிவாகச் சீவியிருக்கும். கல்லின் மேல் வைத்தால் முதுகும் வாயும் மட்டும்தான் தொடும். முதுகே கோணத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரை 17 மில்லிமீட்டர் என்றால், வாயில் இரண்டு சரிவுகளும் சேர்கிற கோணம் ஏறத்தாழ 17 டிகிரி. காய் நறுக்குகிற கத்தியில் இது 30 முதல் 40 டிகிரி வரை இருக்கும். பாதிதான். அதனால்தான் சவரக்கத்தி அவ்வளவு கூர்மை. அதனால்தான் அவ்வளவு நொய்மையும். ஒரு எலும்பில் பட்டால் போயிற்று. குழாயில் தட்டினால் போயிற்று.

தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிக்கிறவரிடம் இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அவர் வேலையில் குறையில்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சக்கரம் சரியானது. சவரக்கத்தியின் ஓரம் தாள் போல மெல்லியது. சுற்றுகிற சக்கரத்தில் வைத்த நொடியில் சூடேறிவிடும். சாதாரண கார்பன் எஃகு 200 டிகிரியைத் தாண்டினாலே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். ஓரத்தில் நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. எந்தக் கல்லாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கற்கள்

இப்போது நான் மேசையில் வைத்திருக்கும் கற்களுக்கு வருவோம். தொட்டுப் பாருங்கள், பயமில்லை. ஒன்று சோப்பு மாதிரி வழுக்கும், ஒன்று சுண்ணாம்பு மாதிரி இருக்கும்.

எல்லாக் கல்லும் செய்வது ஒன்றே: எஃகைவிடக் கடினமான துகள்களால் எஃகைச் சுரண்டுவது. துகள் பெரிதானால் வேகமாக அரிக்கும், ஆழமாகக் கீறும். துகள் சிறிதானால் மெதுவாக அரிக்கும், கீறல் தெரியாது. செயற்கைக் கல்லில் போட்டிருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். ஜப்பானிய அளவுமுறையில் 1000 எண் கல்லின் துகள் 10 முதல் 15 மைக்ரான். 4000 எண் கல்லில் ஏறத்தாழ 3 மைக்ரான். 8000-ல் 1 மைக்ரானுக்குச் சற்று மேல். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு நுணுக்கம் என்று புரியும்.

செயற்கைக் கற்கள் வருவதற்கு முன் இயற்கைக் கற்கள்தாம். அவற்றில் நான்கு ஊர்க் கற்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம் வட்டாரத்தில் கிடைக்கும் மஞ்சள் கல். கோட்டிக்யூல் என்பார்கள். இந்தக் கல்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. கார்னெட் என்றால் நாம் நகையில் பதிக்கிறோமே, அதே கல் வகைதான். மணிகள் பல முகம் கொண்ட உருண்டை போல இருப்பதால் எஃகை ஆழமாகக் கீறாமல் அரிக்கின்றன. தண்ணீர் விட்டுச் சின்னக் கல்லால் மேலே தேய்த்தால் பால் மாதிரிக் கலங்கல் வரும். அந்தப் பாலோடு தீட்டினால் வேகமாக அரிக்கும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்தால், அதே கல் மெருகேற்றும் கல்லாக மாறிவிடும். ஒரே கல்லில் எல்லா வேலையும் முடிக்கலாம். இந்த மஞ்சள் படிவு, நீலப் பலகைப்பாறைகளுக்கு நடுவில் மெல்லிய அடுக்காகத்தான் கிடைக்கிறது. அதனால் மெல்லியதாக வெட்டி, பின்னால் பலகைக்கல் ஒட்டி விற்கிறார்கள். விலையும் அதற்கேற்றபடி.

இரண்டாவது, ஜெர்மனியின் தூரிங்கியா பகுதிக் கல். பலகைப்பாறை இனம். மிக மென்மையான கூர் தரும் என்று பழைய சவரக்காரர்கள் இதைத் தேடிப் போனார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

மூன்றாவது, ஜப்பானின் கியோட்டோ நகரத்தையொட்டிய மலைகளிலிருந்து வெட்டிய கற்கள். நருதாக்கி அங்கே பெயர் பெற்ற இடம். வாள், தச்சு உளி, சவரக்கத்தி என எல்லாவற்றுக்கும் கடைசிக் கூர் இந்தக் கல்லில்தான் கொடுப்பார்கள். பெரும்பாலான சுரங்கங்கள் மூடிவிட்டன.

நான்காவது, அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத்துக் கல். நோவாகுலைட் என்ற பாறை. கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் அதில் கருவிகள் செய்தார்கள். மற்றக் கற்களுக்குத் தண்ணீர் விடுவோம்; இதற்கு எண்ணெய் விடுவது வழக்கம்.

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இவற்றில் எது வேண்டும் என்றால், எதுவும் வேண்டாம் என்பேன். இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். செயற்கைக் கல்லில் எண் போட்டிருக்கும், அது சொன்னபடி நடக்கும். 1000, 4000, 8000 இந்த மூன்றும், முடிந்தால் 12000 ஒன்றும் போதும்.

நம் ஊர் முடிதிருத்துபவர்களின் அடைப்பத்தில் கையகலத் தீட்டுக்கல் ஒன்றும் தோல்வார் ஒன்றும் இருந்ததை உங்களில் வயதில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, எந்த எண்ணும் இல்லாத ஒரு கல்லை வைத்துக்கொண்டு, விரல் உணர்வால் மட்டும் கூர் பார்த்த கை அது. நான் இன்று அளவு போட்டுச் சொல்வதெல்லாம் அவர்களுக்குக் கையில் இருந்த அறிவு.

தீட்டும் முறை

முதல் வேலை கத்தியில் இல்லை, கல்லில். கல் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போடுங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீரில் நனைத்த எமரி ஷீட்டை விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்யுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம். பள்ளமான கல்லில் எவ்வளவு நேரம் தீட்டினாலும் கத்தி முழுக்க ஒரே கூர் வராது.

அடுத்து, 1000 எண் கல். கத்தியில் சில்லு விழுந்திருந்தாலோ, பல வருடம் சும்மா கிடந்திருந்தாலோதான் இது தேவை. தண்ணீர் விட்டு, கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, முதுகும் வாயும் கல்லில் பட, வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள். கல்லின் முனைக்கு வந்ததும் முதுகின் மேல் உருட்டித் திருப்பி, மறுபக்கம் உங்களை நோக்கி இழுங்கள். திருப்பும்போது முதுகுதான் கல்லில் இருக்க வேண்டும். வாயின் மேல் உருட்டினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

கத்தி பெரும்பாலும் கல்லின் அகலத்தைவிட நீளம். அதனால் நேராகத் தள்ளாமல் சற்றுக் குறுக்காகத் தள்ள வேண்டும். தொடங்கும்போது கத்தியின் அடிப்பகுதி கல்லில் இருக்கும். முடியும்போது நுனி இருக்கும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்தால் பெருக்கல் குறி போல ஒரு பாதை அமையும்.

அழுத்தம்? இதுதான் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். கத்தியின் எடையோடு விரலின் எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும். குழிவாகச் சீவிய எஃகு, அழுத்தினால் வளையும். வளைந்தால் ஓரம் கல்லை விட்டு விலகிவிடும். நீங்கள் தீட்டுவது ஓரத்துக்குப் பின்னால் இருக்கிற இடத்தை மட்டும்தான்.

1000 எண் கல்லில் எப்போது நிறுத்துவது? கத்தியின் வாயை நேரே உங்களைப் பார்க்கும்படி பிடித்து, பிரகாசமான விளக்கின் கீழே நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற லென்ஸால் பாருங்கள். கூரான ஓரம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்கேயாவது மினுக்கென்று தெரிந்தால் அந்த இடம் இன்னும் மழுங்கியே இருக்கிறது. மினுக்கம் முழுக்க மறைகிற வரை இந்தக் கல்லை விடக்கூடாது. இங்கே அவசரப்பட்டு மேலே போனால் 12000 எண் கல்லாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

அதன் பிறகு 4000. இந்தக் கல்லின் வேலை, முந்தைய கல் போட்ட கீறல்களை அழிப்பது. பிறகு 8000. அது 4000-ன் கீறல்களை அழிக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் போகும் முன் கத்தியையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். கரடான துகள் ஒன்று நைசான கல்லுக்கு வந்தால் கீறல் திரும்ப வந்துவிடும். கடைசிக் கல்லில் அழுத்தம் என்பதே கூடாது. கத்தி தன் எடையில் நழுவிப் போக வேண்டும். தண்ணீர் கத்தியின் வாய்க்கு முன்னால் சின்ன அலையாக ஏறி வரும். அது ஓரம் முழுக்கக் கல்லில் படிகிறது என்பதற்கு அடையாளம்.

வார்

கல்லிலிருந்து எடுத்த கத்தியை அப்படியே முகத்தில் வைக்கக்கூடாது. தோல்வாரில் தீட்டிய பிறகுதான். இங்கே திசை மாறும். கல்லில் வாய் முந்தும்; வாரில் முதுகு முந்தும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வாரில் வாயை முன்னால் தள்ளினால் தோல் அறுபடும், கத்தியும் கெடும்.

வாரைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, கத்தியைத் தட்டையாக வைத்து, போக 40, வர 40. ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் இதைச் செய்ய வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் பல மாதங்களுக்குக் கல் பக்கமே போக வேண்டியிருக்காது. கூர் குறைவது போலத் தோன்றினால் கடைசிக் கல்லில் மட்டும் சில இழுப்பு. 1000 எண் கல்லுக்குத் திரும்புவது அபூர்வமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எஃகு குறைகிறது அல்லவா? பழைய முடிதிருத்துபவர்கள் உள்ளங்கையில் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நாம் செய்து பார்க்க வேண்டாம்.

கூர் வந்ததா என்று பார்க்கக் கட்டைவிரலை ஓரத்தின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள். உதிர்ந்த தலைமுடி ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை வாயின் மேல் தொங்கவிட்டு மெதுவாக இறக்குங்கள். பட்டதும் சத்தமில்லாமல் துண்டாக விழுந்தால் கத்தி தயார்.

அலமாரியில் கிடக்கும் கத்தி

இப்போது உங்கள் வீட்டுப் பழைய கத்தி. எடுத்துப் பாருங்கள். வாயை ஒட்டித் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால், அதைச் சவரத்துக்குப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குழி ஆழமாகப் போயிருக்கும். தீட்டத் தீட்ட ஓரம் உதிரும். விரிசல் இருந்தாலும் அப்படியே. துடைத்து, நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். துரு முதுகுப்பக்கம் மட்டும் இருந்தால் கவலையில்லை.

கைப்பிடியையும் பாருங்கள். சில பழைய கைப்பிடிகள் செல்லுலாய்டு. அது காலப்போக்கில் சிதைந்து அமில வாயு விடும், பக்கத்தில் இருக்கிற எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், எளிதில் தீப்பற்றும். கைப்பிடி நொறுங்கிப் பிசுபிசுப்பாக இருந்தால் கத்தியிலிருந்து பிரித்துவிடுங்கள். சில கைப்பிடிகள் தந்தம். நம் நாட்டில் யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெரியாமல் ஆன்லைனில் விற்கப் போட்டுவிடாதீர்கள்.

வைத்துக்கொள்வது எப்படி? கடற்கரை ஊர்க் காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். சவரம் முடிந்ததும் கழுவி, துடைத்து, சற்று நேரம் திறந்து வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறும். குளியலறையில் வைக்கவே கூடாது. பூட்டுப் போட்ட அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

யாருக்கு இது வேண்டாம்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயால் புண் ஆற நாளாகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், இவர்களுக்குத் திறந்த கத்தி வேண்டாம். வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு நீங்கள் சவரம் செய்துவிடுகிறீர்கள் என்றால், மின்சார ரேசர் பயன்படுத்துங்கள். அவர் தலையைத் திருப்புவார், இருமுவார். கூர்மை அங்கே உதவாது.

இன்னொன்று, ஒரு கத்தி ஒரு முகம். அப்பாவும் மகனும்கூடப் பகிரக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியிலும்கூட 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். சலூனில் உட்காரும்போது புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரித்து மாட்டச் சொல்வது உங்கள் உரிமை. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல முடிதிருத்துபவர் நீங்கள் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவார்.

பிளேடு டப்பா

கடைசிக் காரணத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் கூரைப் பற்றிப் பேசினோம். நாம் மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுகிற பிளேடு எவ்வளவு கூராக இருக்கும் தெரியுமா? தாடிக்குத்தான் அது மழுங்கல். மனிதத் தோலுக்கு இல்லை. சில்லு விழுந்த ஓரம், ரம்பம் மாதிரி வேலை செய்யும். அது உலர் குப்பைப் பைக்குள் பால் கவருக்கும் பழைய காகிதத்துக்கும் நடுவில் கிடக்கிறது. காலையில் நம் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள் அந்தப் பைக்குள் கை விட்டுத்தான் தரம் பிரிக்கிறார்கள். மெல்லிய ரப்பர் கையுறை பிளேடுக்கு ஒரு தடையே இல்லை. அதில் நம் ரத்தம் ஒட்டியிருந்தால், அவர்களுக்கு ஆவது வெறும் வெட்டுக்காயம் மட்டும் இல்லை. கைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வேலைக்கு வந்தால், வெங்காயம் நறுக்கியபோது பட்டிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகர டப்பா. பழைய காபிப்பொடி டப்பா, ஹார்லிக்ஸ் மூடி போட்ட டப்பா, எதுவானாலும் சரி. மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். பிளேடு, கட்டர் துண்டு, உடைந்த ஊசி எல்லாம் அதற்குள். டப்பா நிறைய வருடக்கணக்கு ஆகும். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாகத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள், பையில் போடாதீர்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் அதற்குத் தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள். அது மருத்துவக் கழிவோடு போக வேண்டும். ஒவ்வொரு பிளாக் கீழேயும் ஒரு பெரிய பூட்டிய பெட்டி வைக்கச் சங்கத்தைக் கேட்டிருக்கிறேன். செயலாளர் இங்கேதான் இருக்கிறார். அவர் தலையாட்டியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

உங்களில் ஒருவர் தாத்தாவின் கத்தியைக் காப்பாற்றினால் எனக்கு மகிழ்ச்சி. எல்லோரும் டப்பா வைத்தால் இன்னும் மகிழ்ச்சி. 

கேள்வி பதில்

கேள்வி: இந்தக் கற்களில் என் அடுப்படிக் கத்தியைத் தீட்டலாமா?

பதில்: தாராளமாக. 1000 எண் கல் ஒன்று போதும். முதுகைப் படுக்கவைக்கக் கூடாது. சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி. 

கேள்வி: முதுகில் டேப் ஒட்டித் தீட்டுகிறார்களே, அது சரியா?

பதில்: முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டுவது உண்டு. சில்லு விழுந்த கத்தியை நிறைய அரிக்க வேண்டியிருந்தால் நல்லது. கோணம் ஒரு டிகிரிக்குள் கூடும். ஒரு முறை டேப்போடு தீட்டினால் அடுத்த முறையும் டேப்போடுதான் தீட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கற்களை வாங்கி, கற்றுக்கொண்டு, உண்மையில் பணம் மிச்சமாகுமா சார்?

பதில்: பிளேடோடு ஒப்பிட்டால் மிச்சமாகாது. கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் சில வருடங்களில் ஆகலாம். பணத்துக்காக என்றால் சாதாரண இரண்டு பக்க பிளேடு ரேசர்தான் நல்லது. கைவேலை பிடிக்கும் என்றால் மட்டும் இதற்கு வாருங்கள்.

கேள்வி: தாத்தா கத்தியைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: கட்டாயம். அட்டைக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கிளப் ஹவுஸில் இருப்பேன்.